வல்லத்துக் கல்

அப்பாவுக்குக் கொள்கலத் துறைமுகத்தில் வேலை. ஆகவே வீடு வல்லார்பாடத்தில். அங்கே காயலோர மணலை அள்ளிப் பார்த்தால் பெரும்பகுதி வெங்கச்சங்கல் பொடிதான். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறையில் உடன் இருந்தவை பல மக்கிக் களிமண்ணாகிவிட, இது மக்காமல் பெரியாற்றோடு வந்து சேர்ந்தது. இதற்கும் கடையில் மின்னும் ஸ்படிகத்துக்கும் சரக்கு ஒன்றே: சிலிக்கனும் ஆக்ஸிஜனும். வளர்ந்த விதந்தான் வேறு.

பூமிக்கடியில் கொதிநீர் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு பாறை வெடிப்புகளில் ஏறுகிறது. ஆற ஆற, கரைந்தது சுவரில் படிகிறது. படிந்ததன்மேல் மேலும் படிகிறது. இடம் நெருக்கினால் உருவமற்ற வெள்ளைக் கட்டியே மிஞ்சும். உள்ளே சிக்கிய நுண்ணிய நீர்க்குமிழ்களால்தான் அந்தப் பால்நிறம். இடமும் நிதானமும் வாய்த்தாலோ, ஆறு பக்கத் தூணும் கூர்நுனியுமாக எழும். சிறிது இரும்பு கலந்து, பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் பட்டால் ஊதா நிறமாகும், அதுவே செவ்வந்திக்கல். தூண் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கலாம். ஆனால் அடுத்தடுத்த பக்கங்களுக்கு இடையே கோணம் 120 பாகைதான். இம்மாறாத் தன்மையை 1669இல் ஸ்டெனோ என்ற டென்மார்க்குக்காரர் கண்டு எழுதினார்.

நண்பர்களே, இதையெல்லாம் நான் தேடிப் படித்தது பாட்டியின் பொருட்டு. தஞ்சைக்குத் தென்மேற்கேயுள்ள வல்லத்தில் கிடைத்த படிகத்தைத் தீட்டி மூக்குக் கண்ணாடி செய்வது முன்னாளில் பேர்போன தொழில். தாத்தாவின் அத்தகைய கண்ணாடியொன்று பாட்டியின் பெட்டியில் இருக்கிறது. "வெறும் கண்ணாடிச் சில்லு, தூக்கி எறியுங்கள்" என்றார் சித்தப்பா, பாட்டியின் காதுபடவே. பாட்டி பேசவில்லை, அன்றிரவு சாப்பிடவும் இல்லை.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இரண்டு போலராய்டுத் தகடுகளைக் குறுக்காக வைத்தேன், ஒளி அணைந்தது. நடுவே சாதாரணக் கண்ணாடியை வைத்தால் இருட்டு அப்படியே இருக்கும். தாத்தாவின் வலக்கண் வில்லையை வைத்துத் திருப்பினேன், பளிச்சென்று வெளிச்சம்! படிகமேதான். இடக்கண் வில்லையோ எப்படித் திருப்பினாலும் இருட்டு.

தயங்கித் தயங்கிப் பாட்டியிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதாடா? எடதை உங்க தாத்தா கீழே போட்டு உடைச்சார். மாத்தறப்போ கல்லு கிடைக்கலே. கன்னத்துல வச்சுப் பாரு, வலதுதான் ஜில்லுன்னு இருக்கும்."

வைத்துப் பார்த்தேன், இருந்தது. படிகம் கண்ணாடியைவிடப் பல மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். (கல் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சொல்வது வேறு சங்கதி. புறஊதாக் கதிரைப் படிகம் சாதாரணக் கண்ணாடி அளவுக்குக்கூடத் தடுப்பதில்லை.)

சித்தப்பாவிடம் எதைச் சொல்வது, பாதியையா முழுவதையுமா என்று கேட்டேன். "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று பாட்டி கண்ணாடியை வாங்கித் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.