குருசுக்குப்பம் முதல் பெரிய மார்க்கெட் வரை: வேர்க்கடலை போன வழியில் ஒரு மாலை நடை

விவசாயிகளைக் கண்டுணர் சுற்றுலா அழைத்துப் போவது எங்கள் துறையில் வழக்கமான வேலை. ஆராய்ச்சி நிலையம், வேளாண் அறிவியல் நிலையம், முன்னோடி விவசாயியின் தோட்டம் என்று போவோம். விளைவிக்கும் இடங்களையே பார்த்துப் பழகிய நமக்கு, விளைந்தது கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. அதனால் இந்தப் பங்குனியில், வானூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 14 பேர் ஒரு வேன் பேசிக்கொண்டு புதுச்சேரி போனோம். எட்டு ஆண்கள், மகளிர் குழுவைச் சேர்ந்த ஆறு பெண்கள். அரசு நிதி எதுவும் இல்லை; வாடகையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்துகொண்டோம். ஊரில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

ஒரு சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குக் குருசுக்குப்பத்தில் இறங்கினோம். புதுச்சேரியின் பழைய நகர்ப் பகுதிக்கு வட எல்லையாக இருக்கும் பட்டேல் சாலைக்கு வடக்கே, கடலை ஒட்டிய மீனவர் பகுதி இது. குருசு என்றால் சிலுவை. போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். அடுத்தாற்போல் இருக்கும் வைத்திக்குப்பம் நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். மாசி மகத்துக்கு மயிலம் முருகன் தீர்த்தவாரிக்கு வந்து இறங்குவது அந்தக் கடற்கரையில்தான்.

களம் போன ஊர்

தெருவோரம் பெண்கள் மீன் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். சங்கரா, கிழங்கான், நெத்திலி, கொஞ்சம் நண்டு. எங்கள் குழுப் பெண்கள் நேராக அங்கே போய்க் குந்திக்கொண்டார்கள். வயதான மீனவ அம்மா ஒருவரிடம், "இதுக்கு யாரும்மா வெலை வெக்கிறது?" என்று கேட்டார் நம் குழுவின் தலைவி.

"படகு வந்ததும் ஏலம் போவும்மா. அத்தனை பேரு நடுவுல சத்தமா சொல்லுவாங்க. யாரு எவ்ளோவுக்கு எடுத்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மேல நான் எவ்ளோ வெச்சி விக்கிறேன்றது என் சாமர்த்தியம்" என்றார் அவர்.

எங்கள் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நம்ம கடலைக்கு ஒரே ஒரு ஆளு வர்றாரு. அவர் சொல்றதுதான் வெலை" என்றார் ஒருவர். காய்ந்த கடலையை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோனால் அங்கே ஏலம் உண்டு. பச்சைக் கடலை அங்கே போவதில்லை. வயலிலேயே விலை முடிந்துவிடுகிறது.

விற்காமல் மிஞ்சுவது கருவாடாகிறது. "முன்ன மணல்லயே காய வெச்சோம். இப்ப மணல் ஏது? மாடியிலயும் ரோட்டுலயும் காய வெக்கிறோம்" என்று கடல் பக்கம் கை காட்டினார் அந்த அம்மா. அங்கே கருங்கல் குவியல்தான் இருந்தது. அலை கல்லில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது.

இதன் காரணத்தை நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் சிறிது எதிர்த்திசையில் போகும். 1980-களின் பிற்பகுதியில் நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புகள் கட்டப்பட்டன. வடக்கே வரவேண்டிய மணல் தடுப்புக்குத் தெற்கிலேயே தங்கியது. வடக்கே இருந்த மணலை அலை எடுத்துக்கொண்டே போனது. ஈடு செய்ய மணல் வரவில்லை. நகரக் கடற்கரை போயிற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று அரிப்பு மேலே ஏறியது. கல் கொட்டினால் கொட்டிய இடம் நிற்கும், அதற்கு வடக்கே அரிக்கும்.

வாய்க்காலில் மேல்மடைக்காரர் அடைத்தால் கடைமடை காய்வது நமக்குப் புதிதல்ல. இங்கே தண்ணீருக்குப் பதிலாக மணல், அவ்வளவுதான். எங்களோடு வந்த மூத்த விவசாயி ஒருவர் கல்மேல் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "மணல்தான் இவங்களுக்குக் களம். நமக்குக் களத்த எடுத்துட்டா கடலைய எங்க கொட்டுவோம்?" என்றார். வலை உலர்த்த, படகு ஏற்ற, கருவாடு காயவைக்க எல்லாவற்றுக்கும் அந்த மணல்தான் இடம். வேறெந்த விளக்கமும் அவருக்குத் தேவைப்படவில்லை.

கடற்கரையில் நம் விளைச்சல்

அங்கிருந்து தெற்கே நடந்தால் கடற்கரைச் சாலை. மாலையில் வாகனங்களை விடுவதில்லை; ஊரே நடக்கிறது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி 2018-19-இல் கடலுக்கு அடியில் செயற்கைத் திட்டு அமைத்ததால் வந்த மணல் அது. பிள்ளைகள் அதில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இன்னும் சற்றுத் தள்ளிக் காந்தி சிலை. அதைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்றதும், செஞ்சியில் பெண் கொடுத்த ஒருவர் அருகில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

இங்கே நான் ஒரு வேலை கொடுத்தேன். இருவர் இருவராகப் பிரிந்து ஒவ்வொரு வண்டியிலும் ஏதாவது வாங்கிச் சாப்பிட வேண்டும். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சரக்கு எங்கிருந்து வருகிறது? எப்படி இருந்தால் பிடிக்கும்? எதைக் கழித்துப் போடுகிறீர்கள்?

முக்கால் மணி நேரத்தில் வந்த பதில்கள் இவை. பஜ்ஜிக் கடைக்காரருக்கு மொந்தன் வாழைக்காய்தான் வேண்டும், அதுவும் ஒரே நீளத்தில். நீளம் மாறினால் துண்டு மாறும், வாங்குபவர் சண்டைக்கு வருவார். பஜ்ஜி மிளகாய் வளைந்திருந்தால் மாவு ஒட்டாது. நேராக, காம்போடு வேண்டும். சோளக்கதிர் சுடுபவருக்கு மேல்தோல் உரிக்காத கதிர் வேண்டும். உரித்து வந்தால் மாலைக்குள் மணி சுருங்கிவிடும். மாங்காய் விற்பவருக்குக் கொட்டை முற்றாத காய். தர்பூசணிக்காரருக்கு நடுத்தர அளவு. பெரிய பழத்தை அறுத்துவிட்டு மழை வந்தால் நஷ்டம்.

நாம் கிலோவில் யோசிக்கிறோம். அவர்கள் துண்டிலும் தட்டிலும் பொட்டலத்திலும் யோசிக்கிறார்கள். ஒரே அளவு, ஒரே முதிர்ச்சி, சுத்தம் என்ற மூன்றும் எல்லா பதிலிலும் இருந்தன.

ஐம்பது காய்

குழுவில் ஓர் அம்மா, வயது நாற்பத்தைந்து இருக்கும். கணவர் இல்லை. 60 சென்ட் நிலம். மகன் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. "அடுத்த பட்டம் போட வேணாம்மா, கரம்பா கெடக்கட்டும். கூலி குடுத்து மாளல" என்று அவன் சொல்லிவிட்டான். அவர் பச்சைக் கடலை கிலோ 45 ரூபாய்க்கு விற்றிருந்தார்.

அவித்த கடலை ஒரு பொட்டலம் 20 ரூபாய்க்கு வாங்கியவர் சாப்பிடவில்லை. கடல் பார்த்த கல்சுவரில் உட்கார்ந்து மடியில் கொட்டி எண்ணினார். ஐம்பது காய். குட்டை ரகத்தில் ஐம்பது பச்சைக் காய் ஏறத்தாழ 80 கிராம் என்று நான் சொன்னேன். கிலோவுக்குப் பன்னிரண்டு பொட்டலம்.

"அப்ப கிலோ 240 ரூவா. என்கிட்ட 45-க்கு எடுத்துட்டு!" என்று எழுந்தவர் நேராக வண்டிக்காரரிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

வண்டிக்காரர் கோபப்படவில்லை. "அக்கா, நான் 45-க்கு வாங்கல. 70 குடுத்து வாங்குறேன். பத்து கிலோவுல மண்ணும் பொக்கும் ஒரு கிலோ போயிடும். கேஸு, உப்பு, பொட்டலம் எல்லாம் சேர்ந்து 250 ரூவா. சனி, ஞாயிறு பத்து கிலோ விக்கும், மத்த நாள்ல நாலு கிலோதான். மீந்தா மறுநாள் ஆவாது, கொட்ட வேண்டியதுதான்" என்றார்.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். நல்ல நாளில் ஒன்பது கிலோவுக்கு 108 பொட்டலம், 2,160 ரூபாய். கடலைக்கு 700, இதர செலவு 250 போக 1,200 ரூபாய் நிற்கும். வார நாளில் இதில் மூன்றில் ஒரு பங்கு. மழை நாளில் ஒன்றுமில்லை. இதற்கு மதியம் ஒரு மணிக்கு அடுப்பு பற்றவைத்து இரவு பத்து வரை நிற்க வேண்டும். 240-ஐயும் 45-ஐயும் ஒப்பிட்டால் கொள்ளை போலத் தெரியும். உள்ளே போனால் ஒரு குடும்பத்தின் அன்றாடக் கூலி அது.

நாம் கை வைக்கக்கூடிய இடம் 45-க்கும் 70-க்கும் நடுவே இருக்கும் 25 ரூபாய். வண்டி வாடகை, கமிஷன், ஏற்று கூலி, மண் கழிவு எல்லாம் அதில் அடக்கம்.

அம்மா கேட்டார்: "மண்ணு இல்லாம, கழுவி, பொக்கு பொறுக்கி, நானே மத்தியானத்துக்குள்ள கொண்டாந்தா எவ்ளோ தருவ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அறுவது தர்றேன். ஆனா வரேன்னு சொன்னா வரணும்க்கா. நீ வரலன்னா அன்னிக்கு என் வண்டி சும்மா நிக்கும்."

பெரிய மார்க்கெட்டில்

ஏழரை மணிக்கு நேரு வீதி வழியாகப் பெரிய மார்க்கெட் போனோம். புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேர் பெயரில் இருக்கும் மார்க்கெட் இது, நடுவே மணிக்கூண்டு. காய், பழம், மீன், பூ, வாழை இலை, மளிகை எல்லாம் ஒரே வளாகத்தில். காலையில் ஒரு விலை, விளக்கு வைத்த பிறகு ஒரு விலை. இரவில் கத்தரிக்காயைக் கூறு கட்டித் தள்ளிவிடுகிறார்கள். "காலைல பறிச்சத ராத்திரிக்குள்ள வித்தாவணும்ன்ற பயம் நமக்கு மட்டும்னு நெனச்சேன்" என்றார் ஓர் இளைஞர்.

இட்லியும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வேன் ஏறினோம். வழியெல்லாம் கணக்குதான் பேச்சு.

பிறகு நடந்தது

அடுத்த மூன்று வாரத்தில் அந்த அம்மாவும் இன்னும் இருவரும் ஐந்து முறை கடலை கொண்டுபோனார்கள். மொத்தம் 210 கிலோ. கிலோவுக்கு 15 ரூபாய் கூடுதல் என்றால் 3,150 ரூபாய். பஸ், லக்கேஜ், ஆட்டோ என்று 1,100 போயிற்று. மிச்சம் 2,050-ஐ மூவர் பிரித்துக்கொண்டார்கள். கழுவிப் பொறுக்கிய உழைப்புக்குக் கூலி இதில் சேரவில்லை. இன்னொரு வண்டிக்காரர் இரண்டாம் முறையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பெரிய தொகை இல்லை. மகனும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. 60 சென்ட்டில் பாதியை மட்டும் ஆடிப்பட்டத்தில் விதைப்பது, அதையும் பத்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதைப்பது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. ஒரே நாளில் எல்லாம் விளைந்தால் வண்டிக்காரருக்குத் தொடர்ந்து கொடுக்க முடியாது என்பதை அவரே கண்டுபிடித்துச் சொன்னார்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு

பச்சைக் கடலையை அதிகாலையில் பிடுங்கி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, நீர் வடிந்ததும் கோணியிலோ பிளாஸ்டிக் கூடையிலோ கட்டுங்கள். உரச் சாக்கு கூடவே கூடாது. ஈரக் காயை மூட்டையில் இரவு வைத்தால் சூடேறிப் பூஞ்சாணம் பிடிக்கும். பூஞ்சாண நஞ்சு அவித்தாலும் போகாது.

விளைந்ததை விளைந்தபடியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவையில்லை. அவித்தோ பொரித்தோ விற்றால் பதிவு வேண்டும். சிறிய அளவில் விற்பவர்களுக்கு எளிய பதிவே போதும். நகரத்தில் வண்டி போட 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி உள்ளாட்சி தரும் விற்பனைச் சான்று வேண்டும். இருக்கிற வண்டிக்காரருக்குச் சரக்கு கொடுப்பதிலிருந்து தொடங்குவது சுலபம்.

தனியாகப் போகாதீர்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்தால்தான் ஒருவருக்கு முடியாத நாளில் இன்னொருவர் கொண்டுபோக முடியும்.

குருசுக்குப்பம் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது கூடைகள் குறைவாக இருக்கும். "அந்த ரெண்டு மாசம் வீட்டுச் சாமானுக்கே கஷ்டம்மா. வந்தா கடலை கொண்டாங்க, கருவாடு தர்றேன்" என்று அந்த மீனவ அம்மா எங்கள் குழுத் தலைவியிடம் சொல்லியனுப்பினார். வைகாசியில் ஒரு மூட்டை போகிறது.