பெண் கேட்டதும் மறுத்ததும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் கட்டிய மாளிகைக்குச் சென்ற ஆண்டு நம் மதரஸா மாணவர்களை அழைத்துச் சென்றோம். அரசர்கள் பெண் கொடுத்ததும் பெண் எடுத்ததும் நாட்டுக்கு அரண் கட்டுவதற்காகவே என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுவன் கேட்டான்: "சொந்தமாகிவிட்டால் சண்டை வராதா, ஹஜ்ரத்?"

பருத்த தூண்களின் நிழலில் அமர்ந்து, தஞ்சையின் கதையைச் சொன்னோம்.

திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாதர், தஞ்சை விஜயராகவ நாயக்கரின் மகளைப் பெண் கேட்டுத் தூது விடுத்தார். இரு குடியினரும் விஜயநகரப் பேரரசின் அலுவலர்களாக இருந்து அரசரானவர்களே. ஆயினும், தஞ்சை மரபின் முதல்வரான செவ்வப்ப நாயக்கர் பேரரசர் அச்சுத தேவராயரின் மைத்துனியை மணந்தவர். அந்தப் பெருமை உடைய குடி, மதுரையின் தூதை மறுத்தது. 1673-இல் மதுரைப் படை தஞ்சைக் கோட்டையைச் சூழ்ந்தது. முதியவரான விஜயராகவர் களத்தில் மாண்டார். அந்தப்புரத்துப் பெண்கள் வெடிமருந்துக்கு இரையாயினர். கேட்கப்பட்ட பெண்ணும் அவர்களுள் ஒருத்தி என்பர்.

வென்றவராவது நிம்மதி கண்டாரா? தம்மோடு ஒரு தாயிடம் பாலருந்திய அழகிரியைச் சொக்கநாதர் தஞ்சைக்கு ஆளுநராக்கினார். மணவிலக்கில் பால்குடி உறவை இரத்த உறவுக்கு நிகராகவே நம் ஃபிக்ஹு நூல்கள் வைக்கின்றன. அந்த உறவும் நிலைக்கவில்லை. அழகிரி மதுரைக்கு அடங்க மறுத்தார். தப்பிப் பிழைத்த தஞ்சை இளவல் செங்கமலதாசுக்கு உதவப் பீஜப்பூர் சுல்தான் வெங்கோஜியை அனுப்பினார். வெங்கோஜியோ இறுதியில் அரியணையில் தாமே அமர்ந்துகொண்டார். 1677-இல் அவருடைய மாற்றாந்தாய் மகனான சிவாஜி, தந்தையின் சொத்தில் பங்கு கேட்டுத் தெற்கே வந்தார். அண்ணன் தம்பியரின் படைகள் மோதின.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1914-இல் போரில் இறங்கிய ஜெர்மானியப் பேரரசர் வில்லியமும் ஆங்கிலேய மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் விக்டோரியா மகாராணியின் பேரர்கள். ருஷ்யப் பேரரசர் நிக்கலஸின் தாயும் ஜார்ஜின் தாயும் உடன்பிறந்தவர்கள். 1917-இல் முடியிழந்த நிக்கலஸுக்கு அடைக்கலம் தர முன்வந்த இங்கிலாந்து, ஜார்ஜின் தயக்கத்தால் பின்வாங்கியது. மறு ஆண்டு நிக்கலஸ் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார்.

சிறுவன் மௌனமானான். நாமும் மௌனமானோம், நம் வீட்டுக் கதை நினைவில் எழுந்துவிட்டது.

நம் அக்காள் ராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஆலைக்குப் போகும் தம் மகனுக்கு நம் மகளைக் கேட்டு வந்தார். "மூன்று தலைமுறை ஆலிம் வீடு இது. கஃபு பார்க்க வேண்டாமா?" என்றோம். பாதி குடித்த தேநீரை வைத்துவிட்டு, "சரி தம்பி" என்று எழுந்தார். பின்னர் நம் வாசலை மிதிக்கவில்லை. பிள்ளைகள் இருவரும் வெவ்வேறு இடங்களில் மணமுடித்து நன்றாகவே வாழ்கின்றனர். மறுத்தது குற்றமன்று, மறுத்த சொல்தான் குற்றம். நம் ஆணவத்துக்கு ஷரீஅத்தின் சொல்லொன்றைப் போர்வையாக்கினோம். இரத்த உறவைப் பேணுவது பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்திய வாய்தான் அது!

அன்று அஸர் தொழுதபின் ராஜபாளையம் பேருந்தில் ஏறினோம். அரைமணி நேரப் பயணம். ஒன்பது ஆண்டுகளாக நாம் செல்லாத தூரம். கதவைத் திறந்த அக்காள் சற்று நேரம் பார்த்தார். "வழி தெரிஞ்சுதா, தம்பி?" என்றார். பதில் சொல்ல நா எழவில்லை. தேநீர் வந்தது. முழுவதும் குடித்தோம். மன்னிப்புக் கேட்டது அதன் பிறகுதான்.

மறுவாரம் சிறுவனுக்கு விடை சொன்னோம்: "சொந்தமானாலும் சண்டை வரும், மகனே. எவர் முதலில் பேருந்தில் ஏறுகிறார் என்பதே கேள்வி."