பற்றுதலும் விடுதலும்

"குரைக்கிற நாய் கடிக்காது" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. கதியால் வேலிகளுக்கிடையே வளர்ந்த நாம் அப்பழமொழியை நம்பி எந்த நாயின் அருகிலும் சென்றதில்லை. கையில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டே ஒழுங்கையைக் கடந்து பழகியவர்கள் நாம். அதே பழமொழி ஒரு விளையாட்டின் விதியாக நிலைபெற்றிருப்பதை, ஜேர்மனியின் ரூர்ப் பிரதேசத்துப் புல்வெளியொன்றில் நின்று ஒருநாள் கண்டறிவோம் என அக்காலத்தில் நாம் கனவிலும் கருதவில்லை.

நாம் நாட்டைவிட்டு நீங்கியது 1985இல். ஊரில் ஆசிரியராயிருந்த நாம், இங்கு உணவுச்சாலையொன்றின் பின்கட்டில் கோப்பை கழுவி வாழ்வைத் தொடங்கினோம். அயல்வீட்டில் வாழ்ந்தவர் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ரூர்ப் பிரதேசத்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசெம்பரில் பொட்ரொப் நகரில் மூடப்பட்டது. இவர் உழைத்த சுரங்கமோ அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே மூடப்பட்டுவிட்டது. வேலை போனபின் அவரிடம் எஞ்சியிருந்தவை ஓயாத இருமலும், ஒரு நாயும், ஞாயிறுதோறும் அவர் செல்லும் நாய்ப் பயிற்சிக் கழகமுமே. எம்மை முதன்முதலில் அங்கு அழைத்துச் சென்றவர் அவரே.

அவர் வளர்த்த ஜேர்மன் மேய்ப்பு நாயின் வரலாறும் வேலையிழந்த ஒரு தொழிலாளியின் வரலாறே எனலாம். மக்ஸ் ஃபொன் ஸ்டெபானிற்ஸ் என்னும் குதிரைப்படைக் கப்டன் 1899இல் கார்ல்ஸ்ரூஹே நகரில் இவ்வினத்துக்கெனச் சங்கமொன்றை நிறுவினார். அவ்வேளையில் தொழிற்சாலைகள் பெருகி, மேய்ச்சல் நிலங்கள் சுருங்கி, மந்தைகள் அருகி வந்தன. மந்தை காத்த நாய்க்கு மந்தை இல்லாது போயிற்று. ஆகவே அதற்குப் பொலிஸிலும் இராணுவத்திலும் வேலை தேடிக்கொடுக்க அவர் முனைந்தார். அந்த வேலைக்குத் தகுதியான நாயைத் தெரிந்தெடுக்கும் பரீட்சையாகப் பிறந்ததே 'ஷுட்ஸ்ஹுண்ட்', அதாவது காவல் நாய்ச் சோதனை. 2019 முதல் சர்வதேச விதிகளில் அது ஐ.ஜி.பி. எனப் பெயர் பெற்றுள்ளது. மோப்பம், கீழ்ப்படிவு, காவல் என அதற்கு மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளிகள்.

இவற்றுள் காண்போர் மூச்சை அடக்கிக்கொள்ளும் கட்டம் ஒன்றுண்டு. பழைய தலைமுறையினர் அதனைத் துணிவுச் சோதனை என்றே அழைத்தனர். மைதானத்தின் ஒரு கோடியில் நாயும் அதனை நடத்துபவரும் நிற்கின்றனர். மறுகோடியிலிருந்து ஒருவன் வெளிப்படுகிறான். இடக்கையில் சணற்துணி போர்த்த தடித்த கைக்கவசம். வலக்கையில் மெத்தை சுற்றிய கோல். நில் என்ற குரலுக்கு அவன் நிற்பதில்லை. மாறாக, கோலை ஓங்கிக் கூச்சலிட்டவாறு நாயை நோக்கியே ஓடி வருகிறான். நாய் ஏவப்படுகிறது. இடைவெளி பல பத்து அடிகள். அந்த வெளியில் நாய்க்கு எவருடைய துணையுமில்லை. அது வேகத்தைக் குறைக்கலாகாது, விலகலாகாது, வருபவனின் கைக்கவசத்தை வாய்நிறையப் பற்ற வேண்டும்.

இக்காட்சியைக் கண்ட எமக்கு முதலில் தோன்றியது அருவருப்பே. "இந்த மிருகத்துக்கு இவ்வளவு கோபத்தை எவ்வாறு ஊட்டினீர்கள்?" என்று கேட்டோம். முதியவர் சிரித்தார். "கோபமா? கோபத்தோடு ஓடும் நாய் கடைசி ஐந்தடியில் நின்றுவிடும். இது விளையாடுகிறது" என்றார்.

அதன்பின் பல ஞாயிறுகளில் நாம் கண்டவை அவர் கூற்றை மெய்ப்பித்தன. குட்டிப்பருவத்தில் தொடங்குவது ஒரு கந்தைத் துணி. அதனை இழுத்து ஓடுவர். குட்டி துரத்திப் பற்றும். பற்றியதும் துணி அதற்கே சொந்தமாகும். வென்றதை வாயிற் கவ்வி அது பெருமையோடு சுற்றிவரும். துணிக்குப் பின் சணல் உருளை, அதன்பின் மெத்தை, அதன்பின் மென்மையான கைக்கவசம், இறுதியிலேயே கடினமான கவசம். கோலை முதலிற் காட்டுவது அடிப்பதற்கன்று. அதனால் நாயின் விலாவை மெல்லத் தடவுவதற்கு. தூரமும் அவ்வாறே. முதலில் ஐந்தடி, பின்னர் பத்தடி. முதலில் மனிதன் விலகி ஓடுவான். பின்னர் ஓடுகையில் ஒருகணம் திரும்புவான். நாய் முற்றாக நம்பிக்கை கொண்ட பின்னரே எதிர்நோக்கி வருவான். முன்பற்களால் மட்டும் கவ்வி மாற்றி மாற்றிக் கடிக்கும் நாய் அச்சத்தில் இருக்கிறது என்பதும், வாய்நிறையப் பற்றி அமைதியாயிருப்பதே உறுதியுள்ள நாய் என்பதும் எமக்குப் புதிய பாடங்கள்.

எதிரியாக நடிக்கும் அம்மனிதனை அங்கு உதவியாளர் என்றே அழைக்கின்றனர். பாய்ந்து வரும் நாயை அவர் மரம்போல் நின்று ஏற்பாராயின் அதன் கழுத்தும் முள்ளந்தண்டும் சிதையும். ஆகவே பற்றிய கணத்தில் நாயின் வேகத்தோடு தாமும் சுழன்று, அதனைப் பத்திரமாக நிலத்தில் இறக்குகிறார். எமது அயலவர் இளமையில் இருபது வருடம் இப்பணியைச் செய்தவர். "ஒருமுறை தவறாக ஏற்றால், அந்த நாய் வாழ்நாள் முழுவதும் தயங்கும். பிழை என்னுடையது, தயக்கம் அதனுடையது" என்பார்.

ஒருநாள் அவர் எம்மைக் கைக்கவசம் அணியச் செய்து, மறைப்புக்குள் நிற்கப் பணித்தார். நாய் மறைப்புகளைச் சுற்றித் தேடிவரும். அசையாது நிற்பவனைக் கண்டால் அது குரைக்கலாம், கடிக்கலாகாது. அசையாதவனைக் கடிப்பது குற்றம். அதற்குப் புள்ளி குறையும். நாம் நின்றோம். முதியவரின் நாய் எமது முகத்துக்கு நேரே நின்று, நெஞ்சு அதிரக் குரைத்தது. அதன் பற்களுக்கும் எமக்கும் இடையே ஒரு முழ இடைவெளிகூட இல்லை. ஆயினும் அது எம்மைத் தீண்டவில்லை.

அந்தக் கணத்தில் எமக்கு நினைவு வந்தது வேறொரு மைதானம். 1984இல் ஊரில் நடந்த ஒரு சுற்றிவளைப்பு. சீருடையினர் முன்னிலையில் கைகளை உயர்த்தி வரிசையில் நின்றோம். எமக்கு அடுத்து நின்றவன் எம்மிடம் கணிதம் படித்த மாணவன். அவனும் அசையவில்லை. அசையாது நின்ற அவன் முகத்தில் துப்பாக்கியின் அடிப்பிடி இறங்கியது. "இவன் என் மாணவன்" என்ற மூன்று சொற்களை நாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்தபடி நின்றோம். அவன் எம்மைத் திரும்பிப் பார்த்ததை மட்டும் கண்டோம்.

மறைப்பிலிருந்து வெளிவந்தபின் இதனை முதியவரிடம் கூறினோம். நீண்டநேரம் அவர் பேசவில்லை. பின்னர், "பாதியில் திரும்பும் நாயை நாங்கள் கோழை என்பதில்லை. எவரோ அதனை முன்கூட்டியே வெகுதூரம் அனுப்பிவிட்டனர் என்போம்" என்றார். அது ஆறுதலாயிற்று, எனினும் அந்த ஆறுதலை முழுமையாக ஏற்க எம்மால் இயலவில்லை. நாய்க்குப் பிழை பிறருடையது, ஆசிரியனுக்கு அவ்வாறன்று.

எனினும் அவ்வார்த்தையில் எம்மைச் சுட்ட உண்மையொன்று உண்டு. எமது வகுப்பறையில் கேள்வி கேட்ட பிள்ளைக்கு நாம் பிரம்பைக் காட்டினோம். தவறாயினும் தன் கருத்தைச் சொன்னவனை எள்ளி நகையாடினோம். ஐந்தடித் தூரத்தில் நின்று ஆசிரியனை மறுத்துப் பேச எவனுக்கும் நாம் பயிற்சி அளிக்கவில்லை. எமக்கும் எமது ஆசிரியர் அளிக்கவில்லை. பின்னர் ஒருநாள், ஐம்பதடித் தூரத்தில், ஆயுதத்தின் முன், தனித்து ஓடும் துணிவை எங்கிருந்து பெறுவோம்?

பற்றுவதோடு சோதனை முடிவதில்லை. உதவியாளர் எதிர்ப்பை நிறுத்தி அசையாது நின்றதும், விடு என்ற ஒரு சொல்லில் நாய் வாயைத் திறக்க வேண்டும். மேலும் இரு கட்டளைகளுக்குப் பின்னரும் விடாத நாய், எத்துணைத் துணிவுடையதாயினும், போட்டியிலிருந்து நீக்கப்படும். விட மறுக்கும் பலத்துக்கு அங்கு மதிப்பில்லை.

ஆனால் ஏவும் மனிதருக்கு இவ்விதி எங்கே? இதே இன நாய்கள் நாஜி வதைமுகாம்களில் கைதிகள்மீது ஏவப்பட்டன. 1963 மே மாதத்தில் அமெரிக்காவின் பேர்மிங்ஹாம் நகரில், சம உரிமை கேட்டு ஊர்வலம் வந்த கறுப்பின மாணவர்மீது பொலிஸார் நாய்களை விட்டனர். அதே இனம் 1916இல் ஓல்டன்பேர்க் நகரில், போரிற் கண்ணிழந்த சிப்பாய்களுக்கு வழிகாட்டவும் பழக்கப்பட்டது. நாய் ஒன்றே, வார் எவர் கையில் உள்ளது என்பதே கேள்வி.

வாரைப் பிடிக்கும் கையும் மெல்லமெல்லத் திருத்தப்படுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டிகளை நாய்ப் பயிற்சியிற் பயன்படுத்துவது சட்டவிரோதம் என ஜேர்மன் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. முட்பட்டிகளும் வலியூட்டும் பிற கருவிகளும் 2022 சனவரி முதல் பயிற்சியில் தடைசெய்யப்பட்டன. கழகத்திற் சிலர் முணுமுணுத்தனர். முதியவரோ, "வலியினால் கற்ற நாய் வலி இல்லாத இடத்தில் மறந்துவிடும்" என்று கூறித் தம் நாயின் தலையைத் தடவினார்.

அவர் இன்று இல்லை. அவரது நாயை இப்போது நாமே மாலைதோறும் உலாவ அழைத்துச் செல்கிறோம். அதற்கும் வயதாகிவிட்டது, ஓட முடிவதில்லை. எமது கையிற் கல் இல்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் நாம் நடத்தும் சிறு வகுப்பில் பிரம்பும் இல்லை. சென்ற வாரம் பத்து வயதுச் சிறுமியொருத்தி எழுந்து, "ஐயா, நீங்கள் கரும்பலகையில் எழுதிய கணக்குப் பிழை" என்றாள். கணக்கைப் பார்த்தோம். பிழை இல்லை. ஆயினும் அவள் ஏன் அவ்வாறு எண்ணினாள் என்பதை வந்து எழுதிக்காட்டும்படி வெண்கட்டியை அவளிடம் நீட்டினோம். ஐந்தடி தூரம். அவள் நடந்து வந்தாள்.