தூங்காத இரவுக்கு வாடகை வாங்கலாமா

வேலூரில் நாள் வாடகைக்கு அறை விடும் தொழிலுக்கு இப்போது இளைஞர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். சத்துவாச்சாரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், காட்பாடியில் மாடி போர்ஷன் என்று எதையாவது எடுத்து, நாலு படம் பிடித்து, செயலியில் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாடகை எவ்வளவு வைப்பது, ஏ.சி. எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வாங்கிய பணத்தை எப்போது, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

கோட்டையையும் ஸ்ரீபுரம் பொற்கோயிலையும் பார்க்க வருகிறவர்கள் உண்டு. விஐடியில் பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் உண்டு. ஆனால் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, தோட்டப்பாளையம் பக்கம் அறை கேட்டு வருகிறவர் பெரும்பாலும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தவர். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியம் அது. இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ ரயிலேறி வருகிறார்கள். கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருப்பதே அதனால்தான். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று வருவார்கள். பயாப்சி ரிசல்ட், அடுத்த டாக்டர், ஆபரேஷன் தேதி என்று மூன்று வாரம் ஆகிவிடும். அறையிலேயே சமைத்துச் சாப்பிடுவார்கள்.

இவர்கள் சுலபத்தில் புகார் சொல்ல மாட்டார்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பாஷை தெரியாது. ஓனர் கோபித்துக்கொண்டு காலி பண்ணச் சொல்லிவிட்டால் நோயாளியை வைத்துக்கொண்டு எங்கே போவது என்ற பயம் வேறு. ஆகவே ஒரு புகார் வாயைத் திறந்து வந்துவிட்டதென்றால், அதற்கு முன் நாலைந்தை விழுங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இதுக்குப் போயி போன் பண்றாங்களே’ என்று சலித்துக்கொள்கிறவருக்கு இந்தத் தொழில் வேண்டாம்.

புகாரைக் கையாளும் பாடத்தை நான் படித்தது லாட்ஜில் அல்ல, ஆம்பூரில். தோல் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், கப்பலேறிப் போன சரக்கைப் பற்றி வெளிநாட்டுப் பார்ட்டியிடமிருந்து ‘கிளெய்ம்’ வரும். சாயம் ஒட்டுகிறது, கனம் குறைவாக இருக்கிறது, கீறல் அதிகம் என்று ஏதாவது இருக்கும். எங்கள் மேனேஜர் சண்டைக்கும் போக மாட்டார், உடனே தலையாட்டவும் மாட்டார். லாட் நம்பரைக் கேட்பார். எடுத்து வைத்த சாம்பிளை வெளிச்சத்தில் விரிப்பார், கையால் தடவிப் பார்ப்பார். எத்தனை தோல் கெட்டது, அதில் எது நம்மால் கெட்டது என்று பிரித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே பதில் அனுப்புவார். ஒப்புக்கொண்ட தொகையில் பேரம் பேச மாட்டார். ஒப்புக்கொள்ளாததைக் காரணத்தோடு மறுப்பார். அடுத்த ஆர்டர் வருமா என்ற யோசனையை அந்த மேஜைக்கே அவர் கொண்டுவந்ததில்லை.

அறைக்கும் இதே முறைதான். முதலில் போய்ப் பாருங்கள். போனில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்பார்கள். அதைச் சமையல் தெரியாதவர் பேச்சு என்று தள்ளக் கூடாது. போர் தண்ணீரின் கடினத்தன்மை அப்படி. பூமிக்கடியில் இருக்கும் பாறை ஒரு காரணம். பாலாற்றங்கரையில் பல இடங்களில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவும் ஒரு காரணம். இந்தத் தண்ணீருக்காகத்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக்கியது. ஆனால் 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. கிணறு கெட்டபோது நடுவயதில் இருந்த விவசாயிகளில் எத்தனை பேர் இதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போட்டால் அது உரியவர் கைக்கு வராமலே போகலாம் என்பதை நம் மாவட்டத்துக்காரருக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

உப்புத் தண்ணீரை நீங்களோ நானோ மாற்ற முடியாது. சமையலுக்கு ஒரு கேன் தண்ணீர் தினமும் வாசலில் வைக்க முடியும். மோட்டார் ரிப்பேராகி ராத்திரி முழுக்க குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் கேன் போதாது, அந்த நாள் வாடகை உங்களுடையதல்ல. கீமோ எடுத்துக்கொண்டு வந்து படுத்தவர் பக்கத்து அறைச் சத்தத்தில் தூங்கவில்லை என்றால் அந்த இரவும் உங்களுடையதல்ல. நீங்கள் விற்றது நாலு சுவரை அல்ல, ஒரு இரவின் ஓய்வை. அதைக் கொடுக்கவில்லையென்றால் அந்தப் பணம் உங்கள் சட்டைப்பையில் இருந்தாலும் அவருடையதுதான். தாராளம், பெருந்தன்மை என்ற பெயரெல்லாம் அதற்கு வேண்டாம்.

அதை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். காலி பண்ணும்போது கழித்துக்கொள்ளலாம் என்பது ஓனரின் சௌகரியம். வெளியூர்க்காரருக்கு அந்த ஐந்நூறோ ஆயிரமோ நாளை காலை ஸ்கேனுக்கு வேண்டியிருக்கும். வங்கதேசத்துக்காரருக்கு இங்கே வங்கிக் கணக்கு இருக்காது, ஜிபே இருக்காது. எல்லை தாண்டிப் போனபின் நீங்கள் மனம் மாறினாலும் பணத்தை அனுப்ப வழி தேட வேண்டும்.

தங்கை மகன் சத்துவாச்சாரியில் ஃபிளாட் வைத்திருக்கிறான். ஒருநாள், “மாமா, பாதிப் பணம் திருப்பித் தரேன், அஞ்சு ஸ்டார் போடுங்கன்னு கேட்டா தப்பா?” என்றான். தப்புதான். கொடுக்க வேண்டிய கடனுக்குக் கூலி கேட்பது அது. பணத்தைக் கொடு, வாயை மூடிக்கொள், அவர் என்ன எழுதினாலும் எழுதட்டும் என்றேன். நோயாளியின் மனைவியிடம் போய் நட்சத்திரம் கேட்டு நிற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றும் அவனிடம் சொன்னேன். ரீஃபண்ட் கொடுத்த மாதம் அறை கூட்டும் அம்மாவின் சம்பளத்தில் பிடிக்காதே. ரயிலடி ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்ட பார்ட்டியாக இருந்தால் கமிஷன் போனது போனதுதான், அதை விருந்தினர் தலையில் கட்டாதே. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, அறை வாடகைச் செயலி நடத்தும் ஏர்பிஎன்பி நிறுவனம் விருந்தினர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தர முடிவு செய்தது. முடிவு நியாயமானதுதான். ஆனால் வீட்டுக்காரர்களைக் கலந்து பேசாமல் அவர்கள் வருமானத்திலிருந்து கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதன் தலைவர் பிரையன் செஸ்கி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, ஈடுகட்ட 25 கோடி டாலர் ஒதுக்கினார். யார் பெயரில் கொடை, யார் பையிலிருந்து பணம் என்பதைப் பெரிய கம்பெனியே மறந்துவிடுகிறது. நாம் மறக்கக் கூடாது.

பொய்ப் புகாரும் வரும். வராது என்று சொல்ல மாட்டேன். சாதம் கொட்டிச் சாக்கடை அடைத்துக்கொண்டால் அது உங்கள் குற்றமல்ல. கட்டில் பலகை உடைந்தே இருந்தது என்பார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரப் படிவத்தை அரசுக்கு ஏற்றத்தான் போகிறீர்கள். அதற்கு உட்காரும் நேரத்தோடு இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்து, குழாய், கீசர், ஃபேன், கட்டில் எல்லாவற்றையும் அவர் கண்முன் போட்டுக் காட்டி ஒரு படம் எடுத்து வையுங்கள். உள்ளூர்க்காரர் வந்தாலும் அப்படியே. பிறகு ‘இது எங்கள் பொறுப்பில்லை’ என்று குரலை உயர்த்தாமல் சொல்ல முடியும். இல்லை என்பதை ஒரு தடவை, தெளிவாக. 2019 நுகர்வோர் சட்டப்படி, இந்தியாவில் வசிக்கும் விருந்தினர் தாம் வசிக்கும் ஊர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் அங்கும் பேசும்.

சில நேரம் புகாரே இருக்காது. மாத வாடகை முன்பணமாகக் கட்டிய குடும்பத்தில் நோயாளி பத்தாம் நாள் இறந்துவிடுவார். அந்த வீட்டார் வந்து மீதியைக் கேட்க மாட்டார்கள். ரசீதுக்குப் பின்னால் ‘முன்பணம் திருப்பித் தரப்படாது’ என்று நீங்கள் அச்சடித்திருக்கலாம். அவர்கள் கேட்பதற்கு முன், சாவியை வாங்கிக்கொள்ளும்போதே, தங்காத நாட்களின் பணத்தை எண்ணி வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்துவிட வேண்டும். உடலைப் பதப்படுத்த வேண்டும், சான்றிதழ்கள் வாங்க வேண்டும், கொல்கத்தா என்றால் 1,600 கிலோமீட்டருக்கும் மேல் ஆம்புலன்ஸ் போக வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் அச்சடித்த வரிக்கு ஒரு மதிப்பும் இல்லை. அறையைக் கழுவ இவ்வளவு, சாமான் எடுக்க இவ்வளவு என்று கணக்குச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு அதற்கப்புறம் எனக்குப் பேச்சில்லை.

2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தில் இந்திய விசா கிடைப்பது அரிதாயிற்று. அட்வான்ஸ் அனுப்பிவிட்டு வர முடியாமல் நின்றவர்கள் உண்டு. குற்றம் அவர்களுடையதுமல்ல, நம்முடையதுமல்ல. அவர் பெயரில் அறை பூட்டிக் கிடந்த நாள் இருந்தால் அதைச் சொல்லி, அதற்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மீதியைக் கொல்கத்தாவில் இருக்கும் உறவினர் மூலமாக அனுப்பிவிட வேண்டும். ‘வரும்போது கழித்துக்கொள்ளுங்கள்’ என்று அவரே சொன்னால், அதை வரவில் சேர்க்காமல் நோட்டில் தனிப் பக்கத்தில் அவர் பெயர், தொகை, தேதி எழுதி, பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். மாதக் கணக்கு முடிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை முதலில் திறக்கச் சொல்லித் தங்கை மகனிடம் சொல்லியிருக்கிறேன்.