சுண்டுவிரலுக்கு ஒரு சுவிட்சு

விசைப்பலகையைக் கடையில் வாங்காமல் நானே பூட்டிக்கொள்வது என்று சென்ற ஆண்டு முடிவு செய்தேன். “பௌதிகம் படிக்க வந்தவனுக்கு இது என்ன வேலை?” என்று அன்பர்கள் கேட்டார்கள். பாட்டிக்குக் கடிதம் எழுதத்தான் என்றால் யார் நம்புவார்கள்!

தந்தையாருக்கு ரயில்வே உத்தியோகம். நாக்பூர், ஜான்சி, போபால் என்று வளர்ந்த எனக்குத் தமிழ் நாவில் இருந்ததே தவிர, கையில் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதே பதினெட்டு வயதில். என் கையெழுத்தோ ஒன்றாம் வகுப்புக் குழந்தையினுடையது. ஆகவே தஞ்சையில் இருக்கும் பாட்டிக்கு மாதம் இரண்டு கடிதம் தட்டச்சில் அடித்து, அச்சிட்டுத் தபாலில் சேர்க்கிறேன்.

அடிப்பது 1999-இல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ் 99’ முறையில். உயிரெல்லாம் இடப்பக்கம், மெய்யெல்லாம் பெரும்பாலும் வலப்பக்கம். அழகான ஏற்பாடுதான். ஆனால் வலக்கைச் சுண்டுவிரலின் கதியைப் பாருங்கள்! ஆங்கிலத்தில் அதற்கு ‘பி’ ஒன்றே எழுத்து. தமிழிலோ ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு பேர் அதன் தலையில். நான்கு பக்கம் அடித்தால் விரல் விண்ணென்று தெறிக்கும். உயரமான பழைய பலகையில் மணிக்கட்டும் மேல்நோக்கி மடிந்து வலித்தது.

அதனால்தான் குட்டைச் சுவிட்சுகளைத் தேடினேன். ஜெர்மானியக் கம்பெனியான செர்ரி 1980-களில் வகுத்த ‘எம். எக்ஸ்.’ வகை 4 மில்லிமீட்டர் இறங்கும். கைல் கம்பெனியின் ‘சாக்’ என்னும் குட்டை வகை 3 மில்லிமீட்டர். ஒன்றரையிலேயே எழுத்து விழுந்துவிடும். கேடரான், செர்ரி ஆகியோரும் குட்டை வகைகள் செய்கிறார்கள். ஆனால் ஒன்றன் கால்கள் மற்றொன்றன் சுற்றுப்பலகையில் பொருந்தா. சாக்கின் முதல் வகைக்குத் தலையில் சிலுவைக் குறி இல்லை, இரண்டு சிறு துளைகளே; மூடிகளும் தனி. முதலில் சுவிட்சு, பிறகுதான் பலகை என்று அறிக.

மூன்று மாதிரிகள் வரவழைத்தேன். வெள்ளைச் சுவிட்சு ‘டிக் டிக்’ என்று ஒலித்தது. ஆகா, என்ன இன்பம்! முதல் இரவே அறைத்தோழன் எழுந்து உட்கார்ந்தான். கட்டாக்கிலிருந்து வந்தவன்; மறுநாள் அவனுக்குத் தேர்வு. ஒரு சொல்லும் சொல்லாமல் தலையணையை எடுத்துக்கொண்டு படிப்பறைக்குப் போய்விட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுநாள் வெள்ளையைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

பழுப்பில் இடையே ஒரு தடை உண்டு; சுண்டுவிரலுக்கு அது ஒரு மேடு. சிவப்புக்குத் தடையும் இல்லை, ஒலியும் குறைவு. 50 கிராம் அழுத்தம் போதும். விஞ்ஞான மாணவன் அல்லவா, கணக்குப் போட்டேன். அரை நியூட்டன், மூன்று மில்லிமீட்டர். ஓர் அடிக்குச் சுமார் ஒன்றரை மில்லிஜூல். பத்தாயிரம் அடிக்குப் பதினைந்து ஜூல்! ஒரு வேர்க்கடலையைத் தின்றால் அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் கிடைக்குமே! கணக்கு சரி; ஆனால் விரல் கணக்கைப் படிக்கவில்லை, வலித்தது. 35 கிராமில் ஒரு மெல்லிய சிவப்பு உண்டு. அதை எல்லா இடத்திலும் செருகினால் விரலை வைத்தாலே எழுத்துகள் கொட்டும். எனவே சுண்டுவிரல் தொடும் விசைகளுக்கு மட்டும் 35, ஏனையவற்றுக்கு 50 என்று பிரித்தேன்.

பலகையில்தான் ஏமாறத் தெரிந்தேன். ‘கார்ன்’ என்று இரு துண்டான பலகை ஒன்று, 42 விசைகள், கண்ணைப் பறிக்கும் அழகு. உதவிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் கையில் தயார். வாங்குமுன் காகிதத்தில் கட்டங்கள் வரைந்து எழுத்துகளை நிரப்பினேன். ‘ஞ’வுக்கு இடமில்லை! கட்டைவிரலால் வேறொரு விசையை அழுத்திப் பிடித்தால் வரவழைக்கலாம் என்கிறார்கள். ‘தஞ்சை’ என்பது தமிழ் 99-இல் நான்கே அடி. புள்ளி தானாக விழும். பாட்டியின் ஊருக்கு நடுவே ஒரு தடங்கலா? மேலும் அவள் பெயரே ‘ஞ’வில்தான் தொடங்குகிறது. அழகைக் கைவிட்டு, 61 விசைகள் கொண்ட ஒரே துண்டுப் பலகையை வாங்கினேன்.

தில்லி லஜபதிராய் மார்க்கெட்டில் ஈயக்கம்பி வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பற்றவைத்து முடித்தேன். இப்போது நள்ளிரவில் அடித்தாலும் தோழன் புரள்வதில்லை. விரல் வலி முற்றும் போயிற்று என்று சொல்லமாட்டேன்; நான்கு பக்கம் தாங்குகிறது.

புதுப் பலகையில் அடித்த முதல் கடிதத்துக்குப் பாட்டியின் கார்டு வந்தது. “எழுத்து மணி மணியாக இருக்கிறதடா கண்ணா. ஆனால் உன் கையெழுத்தை நான் பார்த்ததே இல்லையே, அடியில் ஒரு வரியாவது எழுதக்கூடாதா?” என்று கேட்டிருந்தாள்.

அடுத்த கடிதத்தின் அடியில் பேனாவால் அவள் பெயரை எழுத உட்கார்ந்தேன். ‘ஞ’ வரவில்லை. இரண்டு தாள்களைக் கிழித்தேன். மூன்றாவதில் ஒருவாறு வந்தது, சற்றே கோணல்தான். அப்படியே உறையிலிட்டு ஒட்டிவிட்டேன்.