நூல் தொடாத புள்ளிகள்

மார்கழியில் கண்டாச்சிபுரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வாசலுக்கு வாசல் சாணி உருண்டை, அதன் தலையில் ஒரு பூசணிப்பூ. பூவுக்கு ஐந்து மடல். சுற்றி விரிந்திருக்கும் கோலத்தில் அந்த ஐந்தைக் காணோம். நான்கு, இல்லாவிட்டால் ஆறு. விழுப்புரத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறி, கெடார் தாண்டி, பொழுது புலருமுன் நான் இங்கே வந்து இறங்கியது அந்த ஐந்துக்காகத்தான். குவாசிகிரிஸ்டல் என்கிற விசித்திரமான திடப்பொருளைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. அதன் இயற்பியலை மின்னணு நுண்ணோக்கி இல்லாமல் காட்ட ஒரு நல்ல வாசல் போதும் என்பது என் எண்ணம்.

முதல் வீட்டில் ஓர் அக்கா புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். 15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை. நடுவரிசையில் 15 வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து எட்டில் நிறுத்தினால் விளிம்பு தானாகவே அறுகோணமாகிவிடும். எதிர்வீட்டில் நேர்ப்புள்ளி; அது சதுரம். கோலப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் அடங்கும். உப்பும் வைரமும் குவார்ட்சும் உட்பட, உலகத்தின் படிகங்களும் ஏறக்குறைய இப்படித்தான். அணுக்கள் ஒரே அலகைத் திரும்பத் திரும்ப அடுக்கி நிற்கும். அப்படி அடுக்கினால் 2, 3, 4, 6 என்ற மடங்குகளில் மட்டுமே சுழற்சிச் சமச்சீர் வரும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே கணிதத்தால் நிறுவப்பட்ட விஷயம். 5, 8, 10, 12 எல்லாம் தள்ளுபடி.

தள்ளுபடி ஆனதை வாசலில் போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாலாவது வீட்டில் ஹிருதய கமலம் போட்டிருந்தார்கள். நடுவிலிருந்து 8 கிளை, கிளைக்கு 5 புள்ளி. 1, 3, 5, 2, 4 என்று கிளைக்குக் கிளை புள்ளி மாற்றி இழுத்துக்கொண்டே போனால் தாமரை மலர்ந்துவிடும். எட்டு மடங்குச் சமச்சீர், பிசிறில்லாமல்.

"இதையே தெரு முழுக்க நீட்டிப் போட முடியுமாக்கா?" என்று கேட்டேன்.

"அது எப்டி நீளும்? பெருசா வேணும்னா கிளையில இன்னும் புள்ளி வெக்கலாம். பக்கத்துல இன்னொண்ணு போட்டா நடுவுல சந்து வுழும்."

சந்து விழும். படிகவியலின் தடைவிதிக்கு இதைவிடச் சுருக்கமான உரை இல்லை. தெருமுனையில் பதித்திருந்த அறுகோண சிமெண்ட் கற்களில் அந்தச் சந்து இல்லை: மூலைக்கு 120 டிகிரி, மூன்று கல் சேர்ந்தால் 360. பழைய காலண்டர் அட்டையில் ஐங்கோணங்கள் வெட்டி எடுத்து வந்திருந்தேன். மூலைக்கு 108 டிகிரி. மூன்றை ஒட்டவைத்தால் 324. மிச்சம் 36 டிகிரிக்கு ஓர் இடுக்கு. நாலாவது ஐங்கோணம் அதில் நுழையாது. பூசணிப்பூவுக்கு இந்தக் கவலை கிடையாது. அது பக்கத்துப் பூவோடு இடைவெளியின்றி ஒட்டவேண்டிய அவசியம் இல்லை. அணுவுக்கு உண்டு.

1982 ஏப்ரல் 8 அன்று, அமெரிக்காவின் தேசிய தரநிலைக் கழகத்தில் டான் ஷெக்ட்மன் என்ற இஸ்ரேலியர், உருகிய அலுமினியம்-மாங்கனீசுக் கலவையைச் சடாரென்று குளிரவைத்து எடுத்த துணுக்கை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். கூர்மையான ஒளிப்புள்ளிகள் வட்டத்துக்குப் பத்தாக நின்றன. கூர்மையான புள்ளி என்றால் உள்ளே அணுக்கள் நெடுந்தூரம் ஒழுங்காக இருக்கின்றன என்று பொருள். பத்து என்றால் அப்படி இருக்கவே முடியாது என்று பொருள். கட்டுரை அச்சேற 1984 நவம்பர் ஆயிற்று. இரண்டு முறை நோபல் பெற்ற லைனஸ் பாலிங், இவை சாதாரணப் படிகங்கள் பல ஒட்டிப்பிறந்ததால் வரும் தோற்றம் என்று 1994-இல் இறக்கும்வரை வாதாடினார். அவர் வாதத்தை மூடத்தனம் என்று பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒட்டிப்பிறக்கும் படிகங்கள் நிஜமாகவே உண்டு. ஆனால் கணக்கு அவர் பக்கம் நிற்கவில்லை. ஷெக்ட்மனுக்கு 2011-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

அப்படியானால் சந்து எங்கே போனது? இதைச் சொல்லத்தான் நான் நேர்ப்புள்ளி வாசலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வீடு தள்ளிக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனாரிடம் கொஞ்சம் நூலும் ஒரு மூலைமட்டமும் வாங்கிக்கொண்டேன். எதிர்வீட்டு அக்கா, "மாவு வீணாப் போவுது தம்பி" என்று சொல்லிக்கொண்டே 2 அங்குல இடைவெளியில் வரிசைக்கு 9 புள்ளியாக 6 வரிசை வைத்துக் கொடுத்தார். கீழ் இடமூலைப் புள்ளியிலிருந்து மேல் வலமூலைப் புள்ளிக்கு நூலை இழுத்துக் கட்டினோம். நூல் சாய்வாகப் போகிறது: 8 கட்டம் வலம், 5 கட்டம் மேலே. நூலுக்குக் கீழே அதை ஒட்டிப் படிக்கட்டுப்போல் ஏறும் புள்ளிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் நூலுக்கு மட்டம் பிடித்து, நூல்மேல் சாக்பீஸால் குறித்தேன். நூலில் விழுந்த இடைவெளிகள் இரண்டே அளவு: ஒன்று ஏறக்குறைய 1.7 அங்குலம், மற்றது 1 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. பெரியதை நெடில், சிறியதைக் குறில் என்று வைத்துக்கொண்டு படித்தால்:

நெ நெ கு, நெ நெ கு, நெ கு, நெ நெ கு, நெ கு.

மூன்று நெடில் ஒருசேர வருவதில்லை. இரண்டு குறில் அடுத்தடுத்து வருவதில்லை. இது தற்செயல் வரிசை இல்லை, வெறும் மடக்கும் இல்லை. அக்கா குனிந்து பார்த்துவிட்டு, நான் விளக்க நினைத்த அடுத்த படியை அவரே சொல்லிவிட்டார்: "நூலு மூலைப்புள்ளிய தொட்டுடுச்சே. இன்னும் நீட்டனா மறுபடி மொதல்லேர்ந்து இதேதான வரும்?"

அதேதான். 13 இடைவெளிக்கு ஒருமுறை திரும்பும். 13 கட்டம் வலம், 8 கட்டம் மேலே என்று கட்டினால் 21-க்கு ஒருமுறை. 21-க்கு 13 என்றால் 34. சாய்வின் விகிதம் 1.618... என்ற பொன்விகிதமாகவே இருந்துவிட்டால், நூலை எவ்வளவு நீட்டினாலும் இன்னொரு புள்ளிமேல் அது படாது. வரிசை ஒருபோதும் திரும்பாது. ஆனால் ஒவ்வொரு நெடிலும் குறிலும் எங்கே வர வேண்டும் என்பது முதலிலேயே தீர்மானமாகியிருக்கும். ஒரு பரிமாணக் குவாசிகிரிஸ்டல் என்றால் இவ்வளவுதான். திரும்பி வருவதைத்தான் அது கைவிட்டது, ஒழுங்கை அல்ல. நாம் அந்த இரண்டையும் ஒன்றென்று வெகுகாலம் நம்பியிருந்தோம்.

இதே வரிசையை நூலில்லாமலும் எழுதலாம்: நெடில் வரும் இடத்தில் 'நெடில் குறில்' என்றும், குறில் வரும் இடத்தில் 'நெடில்' என்றும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே போக வேண்டும். நீளம் 1, 2, 3, 5, 8, 13 என்று வளரும். இந்த எண்களை ஃபிபோனாச்சிக்கு முன்பே, யாப்பில் குறிலும் நெடிலும் எத்தனை விதமாக அமையும் என்று எண்ணப்போன விரகாங்கரும் ஹேமச்சந்திரரும் கண்டிருந்தார்கள். மாற்றி எழுதும் விதிகளால் கோலத்தைப் பிடிக்கலாம் என்று தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1974-இல் கட்டுரை வெளியிட்டார்கள். குவாசிகிரிஸ்டல் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. அதே ஆண்டில்தான் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பென்ரோஸ் தன் திரும்பாத ஓட்டுக் கோலத்தைக் கண்டுபிடித்தார். அதன் ஒரு வடிவத்துக்குச் சாய்சதுரம் இரண்டு போதும்; ஒன்றின் கூர்மூலை 72 டிகிரி, மற்றதற்கு 36. என் காலண்டர் அட்டைகள் விட்ட இடுக்கும் 36.

வாசலில் இரண்டு பரிமாணத்துப் புள்ளியிலிருந்து ஒரு பரிமாண நூலை எடுத்தோம். பென்ரோஸ் கோலத்தை ஐந்து பரிமாண நேர்ப்புள்ளியிலிருந்து இப்படியே எடுக்கலாம் என்று டச்சுக் கணிதர் டி புருயின் 1981-இல் காட்டினார். ஷெக்ட்மனின் கலவைக்கு ஆறு பரிமாணம் வேண்டும். உடனே சிலர் மறைபொருள் பேசக் கிளம்பிவிடுவார்கள். அணுக்கள் ஆறு பரிமாணத்தில் குடியிருக்கவில்லை. அது கணக்குப் பேரேடு. ஆனால் பேரேட்டில் எழுதியது பொருளில் தெரியும். நூலைக் கால் அங்குலம் மேலே தள்ளிக் கட்டிப் பார்த்தேன். 13 இடைவெளிகளில் ஓரிடத்தில் மட்டும் ஒரு நெடிலும் குறிலும் இடம் மாறிக்கொண்டன, மற்றவை அசையவில்லை. சாதாரணப் படிகத்தில் இப்படியொரு அசைவுக்கே இடமில்லை. குவாசிகிரிஸ்டலில் அணுக்கள் நிஜமாகவே இப்படித் தாவுகின்றன. இயற்பியலாளர்கள் அதை ஃபேசான் என்கிறார்கள்.

அக்கா பிடித்த 'திரும்பும்' வரிசைகளும் வெறும் பயிற்சி இல்லை. குவாசிகிரிஸ்டலுக்கு மிக நெருங்கி, ஆனால் ஒருநாள் திரும்பிவிடும் படிகங்கள் உண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. ராமச்சந்திரராவும் ஜி. வி. எஸ். சாஸ்திரியும் 1985-இல் அப்படியொரு மக்னீசியம்-அலுமினியம்-துத்தநாகப் படிகத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே ஏற்கெனவே இருபதுமுகக் கொத்துகள் இருப்பதால் உருக்கிச் சடாரென்று குளிரவைத்தால் திரும்பாத வடிவமே கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். கிடைத்தது. அதே ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சட்டோபாத்யாய், ரங்கநாதன் குழு பத்து மடங்குக் குவாசிகிரிஸ்டலைக் கண்டது. காசியில் கையாண்ட அதே மூன்று தனிமக் குடும்பம்தான், 2018-இல் ஜப்பானில், தனிச்சுழிக்கு மேல் 0.05 டிகிரியில் மின்தடையே இல்லாமல் ஆனது. குவாசிகிரிஸ்டலில் மீக்கடத்தல் அதுவே முதல்முறை.

அந்தக் குளிருக்கு மேலே மின்சாரம் இவற்றில் படும் பாடு வேறு. அலுமினியம், தாமிரம், இரும்பு மூன்றும் நல்ல கடத்திகள். மூன்றையும் சேர்த்து ஆன்-பாங் ட்சாய் 1987-இல் ஜப்பானில் செய்த குவாசிகிரிஸ்டலின் மின்தடை, தனி அலுமினியத்தைவிடப் பல நூறு மடங்கு. குளிரக் குளிரத் தடை கூடுகிறது. உலோகம் செய்வதற்கு நேர் எதிர். ஏன்? திரும்பும் வரிசையில் எலக்ட்ரான் அலை எல்லா இடத்திலும் ஒரேபோல் பரவும். தாறுமாறான வரிசையில் ஓர் இடத்தில் சிக்கி நிற்கும். நூலில் குறித்த வரிசையில் இரண்டும் நடப்பதில்லை. அலை சில இடங்களில் குவிந்து, சில இடங்களில் மெலிந்து, எந்த அளவில் பார்த்தாலும் அதே ஏற்ற இறக்கத்தோடு கிடக்கும். ஷெக்ட்மன் கட்டுரை வருமுன்பே, 1983-இல், கோட்பாட்டாளர்கள் இந்த வரிசைக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள். 2021-இல் பாரிஸ் பக்கத்து ஓர்சேயிலிருந்து அனுராதா ஜெகந்நாதன் எழுதிய நீண்ட மதிப்பாய்வு, இந்த ஒற்றை வரிசையை மட்டுமே பற்றியது. முப்பரிமாணத்தில் இன்னும் முழு விடை இல்லை.

வெயில் ஏறியதும் ஊரோரப் பாறைப்பக்கம் போனேன். உடைந்த முகத்தில் பெல்ஸ்பார் மணிகள் தட்டையாகப் பளபளத்தன. அதில் அலுமினியம் நிறைய உண்டு. ஆனால் அத்தனையும் ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்தது. இயற்கையில் முதலில் கிடைத்த குவாசிகிரிஸ்டலுக்கு உலோக அலுமினியம் வேண்டியிருந்தது. 2009-இல் லூக்கா பிந்தியும் பால் ஸ்டைன்ஹார்ட்டும் ஃப்ளாரன்ஸ் அருங்காட்சியகத்துக் கல் ஒன்றில் அதைக் கண்டார்கள்; ட்சாய் உலையில் செய்த அதே அலுமினியம், தாமிரம், இரும்பு. ரஷ்யாவின் கிழக்குக் கோடிக்கு 2011-இல் ஆள்சேர்த்துப் போய்ச் சேறு சலித்ததில், அது விண்கல்லோடு வந்தது என்று உறுதியானது. இன்னொரு குவாசிகிரிஸ்டல், 1945-இல் நியூ மெக்சிகோவில் வெடித்த முதல் அணுகுண்டு உருக்கிய மணலில் இருந்து 2021-இல் கிடைத்தது.

கல்லை முகத்தருகே வைத்துப் பார்ப்பதைக் கண்ட ஒருவர், "இன்னா சார், தங்கமா தேடறீங்க?" என்றார்.

"இல்லண்ணே, அலுமினியம்."

"அதுக்குப் பாத்திரக் கடைக்கில்ல போவணும்."

அவர் சொன்னதில் பாதி சரி. பிரான்சில் ஒரு காலத்தில் குவாசிகிரிஸ்டல் பூச்சுப் போட்ட வாணலி விற்றது. தோசைக்கல்லைவிடக் கெட்டி, எதுவும் எளிதில் ஒட்டாது. ஆனால் உப்பு அந்தப் பூச்சை அரித்ததால் கடையை விட்டுப் போய்விட்டது.