அப்பாவின் நெற்றியில் எண்ணெய்

தேனாம்பேட்டையில் நாங்கள் குடியிருந்த சந்து மிகக் குறுகியது. எவர் வீட்டினுள் சாமியார் நுழைந்தாலும் தெருக்கோடி வரை செய்தி பரவிவிடும். 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் என் தந்தையார் பக்கவாதத்தால் வீழ்ந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்த வேளையில், பங்குத் தந்தையை அழைத்து வரலாமா என்று கேட்டேன். அம்மா பதறிப் போனார்கள்.

"வேண்டாமப்பா! சுவாமி எண்ணெயோடு படியேறினால், தம் காலம் முடிந்தது என்றே அப்பா எண்ணிவிடுவார். அந்த அச்சத்திலேயே உயிர் போய்விடும்."

நானும் அஞ்சினேன். அதை மறைப்பானேன்?

இவ்வச்சத்துக்கு மூலம் அந்தப் பழைய பெயர்தான். 'அவஸ்தைப் பூசுதல்' என்றே நம் பாட்டிமார் வழங்கினர். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் சாமியாரைத் தேடி ஓடுவார்கள். இவ்வருட்சாதனம் மரணத் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தெளிவாக்கியது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய முறையை வகுத்தார். முன்பு ஐம்புலன்களுக்கும் பூசிய எண்ணெய், இப்போது நெற்றியிலும் கைகளிலும் பூசப்படுகிறது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் ஆகும். நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். 'நோயில் பூசுதல்' என்ற பெயரும் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்கள் வீட்டுக்குள் மட்டும் அது வந்து சேரவில்லை!

சாமியாரை அழைக்கத் தயங்கிய நாங்கள் மற்றதெல்லாம் செய்தோம். 29ஆம் நாள் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னை திருத்தலத்தில் கொடியேற்றம். காவியுடை அணிந்த கூட்டத்தோடு ஆழ்வார்பேட்டை, மந்தைவெளி, அடையாற்றுப் பாலம் என்று வெறுங்காலோடு நடந்தேன். அப்பாவின் வலக்கை எழ வேண்டும். அது ஒன்றே என் மன்றாட்டு. இதற்கிடையில் அன்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, விசுவாசம் இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று அம்மாவிடம் கேட்டுச் சென்றிருக்கிறார். இரண்டு நாள் இரத்த அழுத்த மாத்திரையை அம்மா நிறுத்திவிட்டார்கள். எனக்கு இது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத் தந்தை என்னை நிறுத்தி, அப்பாவை ஏன் காணோம் என்றார். விவரம் அறிந்ததும், நான் அழையாமலே மாலையில் வந்துவிட்டார். வந்தவர் முதலில் கேட்டது மருந்தைப் பற்றி! அம்மா தலை குனிந்தார்கள். சுவாமி கடிந்துகொள்ளவில்லை. மருத்துவரை உண்டாக்கியவரும் ஆண்டவரே என்று சீராக் ஆகமம் கற்பிப்பதை எடுத்துச் சொன்னார். குணமளிக்கும் செபங்களைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வத்திக்கான் வெளியிட்ட போதனையும், செபம் மருந்தை விலக்குவதில்லை என்றே சொல்கிறதாம். லூர்து நகரை எண்ணிப் பாருங்கள். 1858 முதல் அங்கே கூடிய நோயாளிகளுக்குக் கணக்கில்லை. 2025 வரை திருச்சபை புதுமை என்று அறிவித்த குணங்கள் 72 மட்டுமே. அவற்றையும் மருத்துவர்கள் ஆராய்ந்த பின்னரே ஆயர்கள் அறிவித்தனர். இத்தனை நிதானம் நம் திருச்சபைக்கு இருக்க, நமக்கு மட்டும் என்ன அவசரம்?

பின்பு எங்களை வெளியே அனுப்பிவிட்டு, அப்பாவோடு சுவாமி அரைமணி நேரம் தனித்திருந்தார். நாங்கள் உள்ளே சென்றபோது அப்பாவின் கண்கள் நனைந்திருந்தன. சுவாமி நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி மன்றாடினார். அம்மா அஞ்சியபடி எதுவும் நேரவில்லை. குழறிய நாவால் அப்பா சொன்னார்:

"தம்பியைக் கூப்பிடு."

பெரம்பூரில் தாத்தா விட்டுச் சென்ற வீட்டைப் பாகம் பிரித்ததில் வந்த வழக்கு அது. பதினான்கு ஆண்டுகளாக இருவரும் பேசவில்லை. சித்தப்பா மகள் திருமணத்துக்கும் நாங்கள் போகவில்லை. ஆண்டவர் திமிர்வாதக்காரரின் பாவத்தை முதலில் மன்னித்து, அதன் பிறகே எழுந்து நடக்கச் சொன்னாரே. அந்த வரிசை அன்றுதான் எனக்குப் புரிந்தது. பாவத்தால்தான் நோய் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பிறவிக் குருடரைக் காட்டி அப்படிக் கேட்ட சீடர்களை ஆண்டவரே மறுத்துவிட்டார். ஆனால் அப்பாவிடம் இரண்டு நோய்கள் இருந்தன. நாங்கள் ஒன்றுக்கு மட்டுமே செபித்துக்கொண்டிருந்தோம்.

அன்றிரவே சித்தப்பா வந்தார். வாசற்படியில் வெகுநேரம் நின்றார். பிறகு, "அண்ணே, கஞ்சி குடித்தீர்களா?" என்றார். அப்பா இடக்கையை நீட்டினார்.

அந்த வலக்கை கடைசிவரை எழவில்லை. கோலூன்றி நடக்கும் அளவுக்குத் தேறினார். அதற்கு மாத்திரையும் உடற்பயிற்சியும் உதவின. மறு ஆண்டுத் திருவிழாவில், அம்மா பெசன்ட் நகரில் காணிக்கையாக வெள்ளிக் கை ஒன்று வாங்கினார்கள். கைதான் குணமாகவில்லையே என்றேன். "இடக்கைக்குத்தான் வாங்கினேன்" என்றார்கள்.

2012இல் நோய் மீண்டும் முற்றியது. இம்முறை, "சுவாமியைக் கூப்பிடு" என்று அப்பாவே சொன்னார். எவரும் பதறவில்லை. சுவாமி எண்ணெய் பூசுகையில், சித்தப்பாதான் தலைமாட்டில் மெழுகுவர்த்தியை ஏந்தி நின்றார்.